ஆடு தொடாத இலையும் பூனை வணங்கும் வேரும்

நம் ஊர்ச் செடிகளின் பெயர்கள் சிலவற்றை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆடாதோடை என்றால் ஆடு தொடாத இலை. ஆடுதின்னாப்பாளை என்றால் ஆடு தின்னாத பாளை. குப்பைமேனிக்கு இன்னொரு பெயர் பூனைவணங்கி. அதை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து முகர்ந்து, கடித்து, அதன்மேல் புரளும்.

அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு எழுதியவன் நான். கோப்பில் ‘பொருள்’ என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்தாலே உள்ளே என்ன விஷயம் என்று தெரிந்துவிட வேண்டும். நம் முன்னோர் செடிக்கு வைத்த பெயர்களும் அப்படித்தான். 1753-ல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஆடாதோடைக்கு லத்தீன் பெயர் வைத்தபோதும், ‘அதாத்தோடா’ என்று நம் சொல்லையே சேர்த்துக்கொண்டார்.

இப்போது பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு வாருங்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் பக்கமெல்லாம் உப்பு மணல். தரையில் செடி பிழைப்பது கஷ்டம் என்பதால் உடைந்த பக்கெட்டிலும், மீனுக்கு ஐஸ் போட்ட பழைய தெர்மாகோல் பெட்டியிலும் மண் நிரப்பி வைக்கிறார்கள். அதில் வளர்வது மணி பிளான்ட், குரோட்டன்ஸ், டிஃபன்பேக்கியா. இந்தப் பெயர்களில் ‘பொருள்’ வரி இல்லை.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் சில பெயர்களில் பழைய பாடப்புத்தக வாடை அடிக்கும். மஞ்சள் அரளியைத் தாவர நூல்கள் ‘தெவேத்தியா’ என்றன. 1555-ல் பிரேசில் போன பிரெஞ்சுத் துறவி ஆந்த்ரே தெவேயின் பெயர் அது. காகிதப்பூவுக்கு பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயர். அவர் 1768-ல் தாகித்தித் தீவுக்கும் போனார். அதற்கு அடுத்த மோரேயா தீவுதான் மணி பிளான்டின் தாய்வீடு. டிஃபன்பேக்கியா அமெரிக்க வெப்பநாடுகளின் செடி. 1829-ல் அதற்குக் கிடைத்தது வியன்னா அரண்மனைத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்த்ரியா கோட்டையைக் கட்டினார்கள். பழவேற்காட்டுத் துணியை வாங்கி மொலுக்கஸ் தீவுகளுக்குக் கொண்டுபோய், கிராம்பும் ஜாதிக்காயும் ஏற்றி வந்தார்கள். குரோட்டன்ஸ் அந்தத் தீவுகள் பக்கத்துச் செடி. அதன் தாவரவியல் பெயரான ‘கோடியேயம்’, அம்போன் தீவில் அதே டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ரும்பியஸ் எழுதிய நூலிலிருந்து வந்தது.

பெயர்களெல்லாம் கப்பல் தலைவருக்கும் தோட்டக்காரருக்கும் பெருமை. நாய் கடித்தால் என்ன ஆகும் என்பது அவற்றில் இல்லை. ஆங்கிலேயர் மட்டும் டிஃபன்பேக்கியாவை ‘ஊமைக் கரும்பு’ என்ற பொருளில் அழைத்தார்கள். கடித்தவனுக்கு நாக்கு வீங்கிப் பேச்சு வராது.

இது வெறும் ஏட்டு விஷயமில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு குப்பத்தில், வளர்ப்பு நாய்க்குட்டி ஒன்று வாயில் நுரை தள்ளி, எச்சில் வழிய, முகத்தை மணலில் தேய்த்துக்கொண்டு சுற்றியது. “வெறி புடிச்சிடுச்சு ஐயா, கிட்ட போவாதீங்க” என்று பையன்கள் துடுப்பையும் கட்டையையும் எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாள்தான் திண்ணையில் பார்த்தார். டிஃபன்பேக்கியா இலை பாதி மென்று கிடந்தது. “அடிக்காதீங்கடா, அது செடியக் கடிச்சிருக்கு” என்று குறுக்கே நின்றார். குட்டியைக் கட்டிப்போட்டுத் தண்ணீர் வைத்தார்கள். மறுநாள் காலை அது சோறு தின்றது. ஒரு இலை கண்ணில் படாமல் போயிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்கிறதே, அதே குடும்பம். இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன. மணி பிளான்டிலும் உண்டு. வலி அதிகம், உயிர் போவது அபூர்வம். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலை ஊற்றாதீர்கள். அதுவே நாய்க்கு ஆபத்து. கடித்த இலை எதுவும் கிடைக்காமல் எச்சில் மட்டும் வழிந்தால், கை வைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறிநோயாகவும் இருக்கலாம்.

உயிரைக் குடிப்பவை வேறு. அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். காய்ந்த சருகும் விஷம்தான். நம் பெரியவர்கள் அதை வேலியிலும் நந்தவனத்திலும் வைத்தார்களே தவிர வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பங்களாக்களில் அழகுக்கு வைக்கும் சைகஸின் கொட்டை நாயின் ஈரலைக் கெடுக்கும். பூங்கொத்தில் வரும் லில்லி, பூனைக்குச் சிறுநீரகத்தை அழித்துவிடும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். கற்றாழையின் மஞ்சள் பால் இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு தரும்.

பிராணி இருக்கும் வீட்டில் பயமில்லாமல் வைக்கத்தக்கவை செம்பருத்தி, மல்லிகை, அரிகா பனை. ஒரு தொட்டியில் அருகம்புல்லும் இருக்கட்டும். நாய்க்குப் புல் மெல்லும் ஆசை அதில் தீர்ந்துவிடும். மணி பிளான்டை விட மனமில்லை என்றால் கொடி தரைக்குத் தொங்காதபடி உயரத்தில் கட்டுங்கள். பூனை எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது. பூனை உள்ள வீட்டில் அதை வைக்காமலிருப்பதே நல்லது.

நர்சரியில் புதுச் செடி வாங்கினால், பேரப்பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். தொட்டியில் பெயின்டால் ‘நாய் தொடக்கூடாது’, ‘பூனைக்கு ஆகாது’ என்று எழுதச் சொல்லுங்கள். நாய் படிக்காது, வீட்டில் உள்ளவர்கள் படிப்பார்கள். ஆடாதோடைக்குப் பெயர் வைத்தவர்கள் செய்ததும் அதைத்தான்.