ஆள் எங்கேயும் போகவில்லை: டாம் கிட்வுட்டின் கதை

நம்ம வீடுகள்ல அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு இருக்கு: "பாட்டிக்கு ஒண்ணும் புரியாது, நீங்க பேசுங்க." டிமென்ஷியா வந்த அந்தப் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாங்க. பேச்சு அவங்களைப் பற்றித்தான், ஆனா அவங்களோடு இல்லை. இந்தச் சின்ன விஷயம் அவங்க நிலையை இன்னும் மோசமாக்குமா? இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு வேலை செய்த ஓர் ஆய்வாளர்தான் டாம் கிட்வுட்.

1937இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார், பாதிரியார் ஆனார், உகாண்டாவில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பித்தார். பிறகு மதப் பணியை விட்டுவிட்டு, பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பக்கம் வந்தார். டிமென்ஷியா ஆய்வுக்குள் அவர் நுழைந்தது 1980களின் நடுவில். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

அந்தக் காலத்துப் பார்வை என்ன? மூளை செல்கள் அழியுது, அதனால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறார். மருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் சாப்பாடு, சுத்தம், பாதுகாப்பு, இது போதும். கிட்வுட் இங்கேதான் தடுத்தார். இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்த ஆய்வுகளில் ஒரு புதிர் இருந்தது. சேதம் நிறைய இருந்தும் வாழ்ந்த காலத்தில் தெளிவாக இருந்தவர்கள் உண்டு. சேதம் குறைவாக இருந்தும் ரொம்பத் தடுமாறியவர்களும் உண்டு. அப்படீன்னா மூளை மட்டும் முழுக் கதை இல்லை, இல்லையா?

அவர் ஐந்து விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்: ஒருவரின் குணம், வாழ்ந்து வந்த கதை, உடல்நலம், மூளையின் சேதம், சுற்றியிருப்பவர்கள் நடத்துகிற விதம். முதல் நாலில் பலவற்றை நம்மால் மாற்ற முடியாது. ஐந்தாவது நம்ம கையில் இருக்கு.

அந்த ஐந்தாவதில் எங்கே தவறுகிறோம் என்று 1990இல் ஒரு பட்டியல் போட்டார். பத்தில் ஆரம்பித்து, பிறகு பதினேழாக வளர்ந்தது. குழந்தை மாதிரி நடத்துவது, பொய் சொல்லி ஏமாற்றுவது, அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பேசுவது, அவர் அங்கே இல்லாத மாதிரி நடந்துகொள்வது, தானே செய்யக்கூடியதையும் பிடுங்கிச் செய்வது... கேட்கும்போதே நம்ம வீட்டு ஞாபகம் வருதா? இதையெல்லாம் கெட்டவர்கள் செய்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனசோடு, களைப்போடு பார்த்துக்கொள்கிறவர்கள்தான் செய்கிறார்கள். தப்பு, அந்தப் பராமரிப்பு முறைக்குள்ளேயே ஊறிக் கிடக்குது.

சரி, இதை எப்படி அளப்பது? கேத்லீன் பிரெடின் என்பவரோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொது அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறிப்பார். அந்தக் குறிப்புகளை ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு பாட்டி இரண்டு மணி நேரம் யாரும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அதுவரை யார் கண்ணிலும் படாத ஒன்று. இப்போது அது தாளில் பதிவாகிவிட்டது. வாழ்க்கைத் தரம் என்பதை நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்கிற முயற்சி அது.

1992இல் பிராட்ஃபோர்ட் டிமென்ஷியா குழு தொடங்கியது. 1997இல் அவருடைய முக்கியமான புத்தகம் வந்தது. மனிதர் முதலில், நோய் பிறகு என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டு நவம்பரில், 61 வயதில், திடீரென்று இறந்துபோனார்.

அவர் சொன்னது சரியா? அவர் காலத்தில் ஆதாரம் குறைவுதான். அந்த விமர்சனம் நியாயம். சோதனைகள் பிறகுதான் வந்தன. 2009இல் சிட்னியில் 15 இல்லங்களில் நடந்த ஆய்வில், இந்த முறையால் முதியவர்களின் கொந்தளிப்பு குறைந்தது. 2018இல் பிரிட்டனில் 69 இல்லங்களில் நடந்த இன்னொரு ஆய்வில், மனிதரை மையமாக வைத்த பராமரிப்போடு உரையாடலும் சேர்ந்தபோது வாழ்க்கைத் தரம் கூடியது. ஆனால் 2020இல் வெளியான, 50 இல்லங்களில் நடந்த ஆய்வில், அந்தக் குறிப்பெடுக்கும் முறையால் கொந்தளிப்பு குறையவில்லை. பல இல்லங்களால் அதை முழுசாகச் செய்யவே முடியவில்லை. ஆக, பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது. ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும்.

மூளைச் சேதத்தை அவர் மறுக்கவில்லை. அந்தச் சேதத்துக்கு மேல் நாம ஏற்றி வைக்கிற பாரத்தைத்தான் காட்டினார். அடுத்த முறை அந்தப் பாட்டி பக்கத்தில் இருக்கும்போது, "காபி குடிச்சாங்களா?" என்று மற்றவர்களிடம் கேட்காதீங்க. பாட்டியிடமே கேளுங்க. பதில் வர நேரமாகும். காத்திருங்க.