உலோக ஆக்சைடுப் படிகப் பரப்பில் ஆக்சிஜன்

வாயு மூலக்கூறுகள் ஒரு திண்மத்தின் உட்பகுதிக்குள் புகாமல் அதன் மேற்பரப்பிலேயே தங்கிவிடுவது பரப்பு கவர்தல் எனப்படும். வலுக்குறைந்த வாண்டெர்வால்ஸ் விசையால் மட்டும் மூலக்கூறு ஒட்டியிருந்தால் அது இயற்பரப்பு கவர்தல். பரப்பிலுள்ள அணுக்களோடு பிணைப்பு உண்டானால் வேதிப்பரப்பு கவர்தல். உலோக ஆக்சைடின் மீது ஆக்சிஜன் இரண்டாம் வகையில் தங்குவதற்குப் பெரும்பாலும் பரப்பு அதற்கு எலக்ட்ரானை வழங்க வேண்டும். ஆகவே குறையற்ற படிகத்தைவிடக் குறைபாடுள்ள படிகமே இங்கு முதன்மை பெறுகிறது.

இதற்கு மிக விரிவாக ஆராயப்பட்ட சான்று, ரூட்டைல் வகை டைட்டானியம் டைஆக்சைடின் (110) என்று குறிக்கப்படும் படிக முகமாகும். இதில் இரு டைட்டானியம் அணுக்களைப் பாலமாக இணைக்கும் ஆக்சிஜன் வரிசைகளும், ஆறுக்குப் பதிலாக ஐந்து ஆக்சிஜன்களோடு மட்டும் பிணைந்த டைட்டானியம் வரிசைகளும் மாறிமாறி அமைந்துள்ளன. வெற்றிடத்தில் இப்படிகத்தைச் சூடாக்கும்போது பால ஆக்சிஜன்களுள் நூற்றுக்குச் சில வெளியேற, அவை விட்டுச்செல்லும் காலியிடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் படிகத்தில் எஞ்சுகின்றன. ஆக்சிஜன் மூலக்கூறு இவற்றுள் ஒன்றை ஏற்றால் சூப்பர் ஆக்சைடாகவும், இரண்டையும் ஏற்றால் பெராக்சைடாகவும் மாறுகிறது. ஏற்ற எலக்ட்ரான்கள் பிணைப்பைத் தளர்த்தும் ஆர்பிட்டாலில் சேர்வதால், 0.121 நானோமீட்டராக இருந்த பிணைப்பு நீளம் முறையே ஏறத்தாழ 0.133, 0.149 நானோமீட்டராகக் கூடுகிறது. அறை வெப்பநிலையில் காலியிடத்தை அடையும் மூலக்கூறு பிளவுபட்டு, ஓர் அணு அவ்விடத்தை நிரப்ப, மற்றது பக்கத்து டைட்டானியத்தின் மேல் தனித்து அமர்கிறது. பரப்புக்குக் கீழே அணிக்கோவையின் இடைவெளிகளில் செருகியிருக்கும் டைட்டானியம் அணுக்களும் எலக்ட்ரான் வழங்குகின்றன என்று 2008-இல் வெண்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வாதிட்டனர்; காலியிடங்களை எண்ணுவதை மட்டும் கொண்டு பரப்பின் ஏற்புத்திறனைக் கணிப்பது அதன்பின் போதுமானதாகக் கருதப்படவில்லை.

எலக்ட்ரானை இழந்த படிகத்தின் மேலடுக்கு மின்கடத்துதிறனில் குன்றுகிறது. பரப்பில் சேரும் எதிர்மின்சுமை, மேலும் எலக்ட்ரான் வெளிவருவதையும் தடுக்கிறது. இதனால் அயனி வடிவில் தங்கும் ஆக்சிஜன், பரப்பு முழுவதையும் மூடத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றுவிடுகிறது.

இந்தச் சிறு பங்கே வாயு உணரிக்கு அடிப்படை. சூடாக்கப்பட்ட வெள்ளீய டைஆக்சைடின் மேலுள்ள ஆக்சிஜனோடு கார்பன் மோனாக்சைடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாகும்போது, சிறைப்பட்ட எலக்ட்ரான் படிகத்துக்குத் திரும்புவதால் மின்தடை குறைகிறது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசுக்கு மேல் தங்குவது ஓரணு அயனியே என்று பாடநூல்கள் உறுதிபடக் கூறினாலும், உணரி இயங்கும் நிலையில் அதற்கு நேரடி நிறமாலைச் சான்று குறைவு என்பதால் அக்கூற்றை எச்சரிக்கையுடன் கொள்வதே தகும். வெள்ளீய டைஆக்சைடு உணரிக்கு ஜப்பானில் நவோயோஷி தகுச்சி 1962-இல் காப்புரிமை கோரினார்; வீடுகளில் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவிகளில் அவ்வகை உணரிகள் பரவலாகப் பயன்படுகின்றன.