கூடங்குளத்துக் கணினியில் புகுந்த வேவு

நம் மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேவு நிரல் புகுந்ததாக 2019 அக்டோபர் கடைசியில் பேச்சு எழுந்தது பலருக்கும் நினைவிருக்கும். 29ஆம் தேதி நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு அதைக் கவனித்துத் தெரிவித்திருந்ததாம். மாட்டியது இணையத்தோடு இணைந்த ஒரு நிர்வாகக் கணினி. உள் வலையமைப்பு தனி என்றார்கள்.

நிர்வாகக் கணினி என்றால் என்னைப் போன்ற குமாஸ்தாவின் மேஜைதான். அங்கே திருடனுக்கு என்ன வேலை? ஆய்வாளர்கள் அந்த நிரலை ‘டிட்ராக்’ என்றார்கள். கோப்புப் பட்டியல், ஓடும் நிரல்கள், வலை முகவரி என்று வீட்டை நோட்டம் பார்க்கும் வகை அது.

இப்படிப் புகுகிறவர்கள் பலரும் இன்னொன்றும் கேட்பார்கள்: யார் பெயரில் உள்ளே இருக்கிறேன், அவருக்கு எதுவரை அதிகாரம்? அதற்கு விண்டோஸில் ‘ஹூ ஆம் ஐ’ என்றே ஒரு கட்டளை உண்டு. கணினி பராமரிப்பவர் அதைக் கேட்கலாம். முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் இருந்த குமாஸ்தா, “நான் யார், எந்தப் பீரோவைத் திறக்கலாம்?” என்று கேட்பாரா? கேட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

எந்த மேஜையிலிருந்து, எந்த நேரத்தில் அந்தக் கேள்வி எழுகிறது என்று பதிவு செய்து பார்ப்பதே இன்றைய காவல். பூட்டு உடைந்த பிறகு ஓடிப் பயனில்லை. சாவி யாரிடம் என்று விசாரிக்கும்போதே ஆளைப் பிடிக்க வேண்டும்.