மெத்தை வீடும் மேல்மாடி வெக்கையும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் மாடி வைத்த வீடு மெத்தை வீடு எனப்பட்டது. கோடையில் அதன் கீழறையில் உறக்கம் வரும், மேலறையில் வராது. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது சுவரைவிடத் தளமே வெயிலை அதிகம் வாங்குகிறது. கீழறைக்கு மாடி குடையாகிறது, தரையின் குளிர்ச்சியும் துணை நிற்கிறது. மேலறைக்கு இந்த இரண்டும் இல்லை.

கீற்று வேய்ந்த வீட்டிலும் நாட்டு ஓட்டு வீட்டிலும் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. ஓட்டு இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறியது. முற்றம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

வசதி படைத்தவர்கள் மாடி எடுத்தபோது மெட்ராஸ் ஒட்டுத்தளம் வந்தது. உத்தரங்களின் மேல் மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இறுதியாகத் தட்டோடு பதிப்பார்கள். மழைநீர் இறங்காமல் இருக்கத்தான் இத்தனை உழைப்பும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெயிலைத் தடுத்ததும் அதே அடுக்குதான். ஜல்லியின் நுண்துளைகளில் தங்கிய காற்று வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விட்டது. உயரமான விதானமும் எதிரெதிர் சன்னல்களும் அதை வெளியேற்றின. அப்படியும் அக்னி நட்சத்திர நாள்களில் மொட்டை மாடியில் பாய் விரித்துத்தான் படுத்தார்கள்.

பின்னர் ஒட்டுத்தளத்தின் இடத்தைக் காங்கிரீட் பிடித்தது. அதன் வெப்பக் குணம் புதுச்சேரிக்குப் புதிதாகத் தெரியவந்தது அல்ல. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதி முழுக்கக் காங்கிரீட்டால் ஆனது. அதன் தளத்தின் மேல் வளைந்த காங்கிரீட் ஓடுகளை இரண்டாவது கூரையாக எழுப்பி, நடுவில் காற்று ஓட இடைவெளி விட்டார்கள். கிராமங்களுக்குக் காங்கிரீட் மட்டுமே வந்து சேர்ந்தது, அந்த இரண்டாவது கூரை வரவில்லை.

மரம் விலை ஏறியது, சிமென்ட் எளிதாகக் கிடைத்தது. குடிசைகளைக் கல்வீடாக்கும் அரசுத் திட்டங்களும் சேர்ந்து கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களைத் தளம் போட்ட வீடுகளாக மாற்றின. தீக்கும் புயலுக்கும் அஞ்சிய குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் நாலைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, விளக்கேற்றும் நேரத்துக்குப் பிறகு அறைக்குள் உமிழ்கிறது. பலர் சில ஆண்டுகள் கழித்து மாடி எடுத்தார்கள். கீழ்த்தளம் குளிர்ந்தது, வெப்பம் ஒரு படி மேலே குடியேறியது, அவ்வளவுதான். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்பட்டது காங்கிரீட்டின் மேல் போடும் சுண்ணாம்பு ஜல்லித் தளமே. இது தவறான சிக்கனம்.

மின்விசிறி விதானத்தின் சூட்டைக் கீழே தள்ளுகிறது. ஏசி அறைக் காற்றைக் குளிர்விக்கிறது. தளம் சூடாகவே இருக்கிறது. தளத்தின் மேல் செய்யும் வேலைதான் மூலத்தைத் தொடுகிறது: தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு ஜல்லியும் தட்டோடும் போடுவது, மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி இடையில் சுண்ணாம்புக் கலவை நிரப்புவது, எதற்கும் வழியில்லையெனில் கோடைக்கு முன் வெள்ளையடித்துக் கீற்றுப் பந்தல் போடுவது.

மாடி எடுக்கப்போகிறவர்கள் ஏசிக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் தளத்துக்கு ஒதுக்க வேண்டும். புதுச்சேரி நகரின் பழைய வீடுகளைச் சீரமைக்கும் இடங்களில் சுண்ணாம்பு ஜல்லி தட்டத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் வேலை செய்கிறார்கள்.