காரின் பின்விளக்கும் கட்டை வண்டி லாந்தரும்

போன வாரம் வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "சார், பிரேக் பிடிச்சா இடது பக்க லைட் எரியல, பாத்துக்குங்க" என்றார். நன்றி சொன்னேன். ஒரு பல்பு மாற்ற மெக்கானிக் எதற்கு, நாமே மாற்றிவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு ஒன்றரை நாள் வேலை வைத்தது.

முதல் தொல்லை கடையிலேயே ஆரம்பம். பையன் எடுத்துக் கொடுத்த பல்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஹோல்டரில் உட்காரவில்லை. அது ஒற்றை இழை பல்பு. பின்விளக்கில் போடுவது பெரும்பாலும் இரட்டை இழை பல்பு. இரவில் எப்போதும் எரிய 5 வாட் இழை ஒன்று, பிரேக் மிதித்தால் பளிச்சென்று எரிய 21 வாட் இழை ஒன்று. ஒற்றை இழை பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்கும். இரட்டை இழையில் ஒரு காது மேலே, ஒன்று கீழே. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சிலர் தேய்ந்த ஹோல்டரில் தலைகீழாகத் திணித்துவிடுவார்கள். அப்போது இரவெல்லாம் பெரிய விளக்கு எரியும், பிரேக் மிதித்தால் சின்ன விளக்கு எரியும். பின்னால் வருபவனுக்கு ஒன்றும் புரியாது.

அழுத்தித் திருப்பி மாட்டும் இந்த அமைப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம் வீட்டுக் குண்டு பல்பும் இதே மாதிரிதான். 1880களில் இங்கிலாந்தில் எடிசனும் ஜோசப் ஸ்வானும் சேர்ந்து நடத்திய கம்பெனியின் வழியாகப் பரவியது. வெள்ளைக்காரன் ஆண்ட பல ஊர்களில் அதுவே வழக்கமாயிற்று. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வீட்டில் பல்பு திருகாணி போலத் திருகும் வகை. ஆனால் வண்டிக்குக் காது வைத்த பல்புதான் நல்லது. எவ்வளவு குலுங்கினாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மறுபடி கடைக்குப் போய்ச் சரியான பல்பு வாங்கிவந்தேன். அடுத்த தொல்லை, விளக்கைத் திறப்பது. நான் முன்பு வைத்திருந்த பழைய பியட்டில் சிவப்பு மூடியை வெளியிலிருந்தே திருகு போட்டுப் பிடித்திருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், ஐந்து நிமிட வேலை. இந்தக் காரில் டிக்கியைத் திறந்து, உள்பக்க அட்டையைக் கழற்றி, கை நுழையாத சந்தில் நட்டைக் கழற்றி, பிறகு முழு விளக்கையும் பின்னோக்கி இழுக்க வேண்டும். இழுத்தேன், வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தபோது 'டப்' என்று பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்தது. உள்ளே இருந்து என் மனைவி, "என்னங்க உடைஞ்சுது?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

வெயில் ஏறிவிட்டதால் அன்றைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். சிறுவயதில் பண்ருட்டிப் பக்கம் பார்த்த கரும்பு வண்டிகள் ஞாபகம் வந்தன. இரவில் வரிசையாக நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும். ஒவ்வொரு கட்டை வண்டியின் அடியிலும், அச்சுக்குக் கீழே ஒரு லாந்தர் ஆடிக்கொண்டே போகும். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு போகும், விளக்கும் எரியும். லாந்தர் இல்லாத வண்டியைப் போலீஸ்காரர் நிறுத்துவார். சைக்கிளுக்கும் அதே கதிதான். டைனமோ எரியாவிட்டால் காற்றைப் பிடுங்கிவிட்டு நடக்க வைப்பார்கள். அப்போது நமக்குக் கோபம்தான் வந்தது.

மோட்டார் காரும் மண்ணெண்ணெய் விளக்கில் தொடங்கியதுதான். ஃபோர்டின் மாடல் டி கார் வந்த புதிதில் பின்விளக்கு மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. 1912இல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் சேர்த்துக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

என் பெரியப்பா மகனை நான் எழுதாமல் விட முடியாது. 1979 மார்கழியில், இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். சாலையோரம் பழுதாகி நின்ற லாரிக்குப் பின்விளக்கு இல்லை. பனி வேறு. அவனுக்கு இருபத்தாறு வயது. லாரி டிரைவர் அழுதுகொண்டே, "பல்பு போய் நாலு நாளாச்சு, மாத்தணும்னுதான் இருந்தேன்" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். பெரியம்மா அதன் பிறகு இரவில் யாரையும் வண்டி எடுக்க விட்டதில்லை.

ஒரு சின்ன விளக்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர் 343 டாக்சிகளின் பின்புறம் நடுவில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கு பொருத்திப் பார்த்தார். அந்த டாக்சிகளைப் பின்னாலிருந்து வந்து மோதுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. 1986 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு அந்த மூன்றாவது விளக்கு கட்டாயமாயிற்று. இன்று நம் கார்களின் பின்கண்ணாடியில் பார்க்கிறோமே, அதே விளக்குதான்.

மறுநாள் காலையில் மறுபடி உட்கார்ந்தேன். பல்பு மாட்டியும் எரியவில்லை. ஹோல்டருக்குள் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உடைந்த கிளிப்புக்குப் பதில் புதிது வாங்கிப் போட்டேன். பல்பு விலையைவிட ஆட்டோ செலவு அதிகம்.

கடைசியில் ஒரு சிக்கல். பிரேக்கை மிதித்தபடி நம் பின்விளக்கை நாமே பார்க்க முடியாது. தனியாக இருந்தால் சுவரைப் பார்த்து ரிவர்ஸில் நிறுத்தி, கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கலாம். நான் மனைவியைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காருக்குப் பின்னால் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுது, ரெண்டும் எரியுது. இந்தத் தடவை உடனே மாத்திட்டீங்க" என்றாள்.

பெரியப்பா மகனை அவளும் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. இன்று மாலை உங்கள் வண்டிக்குப் பின்னாலும் யாரையாவது நிற்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.