கடை நிலவறையில் ஒரு சுரங்கப்பாதை

தொல்லியல் என்றதும் மண்மேடும் பானை ஓடும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் கோல்போர்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1965இல் ஒரு பழைய சுரங்கப்பாதையைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? ஊர்க் கடையின் நிலவறையில்! அங்கே ஒரு கதவு, அதற்கு அப்பால் கும்மிருட்டு. ஷ்ராப்ஷயர் சுரங்க ஆர்வலர் சங்கத்தார் கடைக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கி உள்ளே போனார்கள். தோண்டிக் கண்டதல்ல, கேட்டுக் கண்டது.

உள்ளே இருந்தது செங்கல்லால் வளைவாகக் கட்டிய நீண்ட பாதை. அது 1787இல் குடையத் தொடங்கியது. மலைக்குள்ளே பிளிஸ்ட்ஸ் ஹில் நிலக்கரிச் சுரங்கங்கள், கீழே ஆற்றோரம் கால்வாய். அடிவாரத்திலிருந்தே குடைந்து சுரங்கத்தை எட்டிவிட்டால் நிலக்கரியைப் படகிலேயே வெளியே கொண்டுவந்து விடலாம். இது இரும்பாலை அதிபர் வில்லியம் ரெனால்ட்ஸின் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் வழியில் பாறையிலிருந்து பாகு மாதிரி கருப்பாக ஏதோ பீறிட்டது. இயற்கைத் தார்!

அவ்வளவுதான், கால்வாய்த் திட்டத்தைக் கைவிட்டுத் தார் எடுக்க இறங்கிவிட்டார்கள். மரக்கப்பலின் இடுக்கை அடைக்க, கயிறு நனைந்து கெடாமலிருக்க அது தேவைப்பட்டது. கொஞ்சத்தைப் புட்டியில் அடைத்து மூட்டுவலிக்கு மருந்தாகவும் விற்றார்கள் (வியாபாரி எங்கேயும் வியாபாரிதான்!). படகுகளை மலையிலிருந்து இறக்க, 1790களில் பக்கத்திலேயே சரிவில் தண்டவாளம் போட்டார்கள். தார் வரத்து மெல்லக் குறைந்தது. என்றாலும் 1843இல்கூட எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் சுமார் 3,000 அடி நீண்டிருந்த அந்தப் பாதை, மேலிருந்த நிலக்கரிக் குழிகளோடு இணைந்து, தண்ணீர் வடியவும் காற்றுப் போகவும் பயன்பட்டது. பிறகு மறந்தே போனார்கள்.

அரசன் பெயர் கிடையாது, கல்வெட்டு கிடையாது, வெறும் செங்கல். இதெல்லாம் தொல்லியலா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். அங்கேயும் கேட்டார்கள். 1955இல் மைக்கேல் ரிக்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் 'தொழில்துறைத் தொல்லியல்' என்ற பெயரே பரவியது. இன்னும் இருபது ஆண்டு கழிந்திருந்தால் அந்தக் கடைக்காரரின் கதவு என்ன ஆகியிருக்குமோ! ரெனால்ட்ஸின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. விளக்கைப் பிடித்துக்கொண்டு குடைந்தவர்களை 'தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கையால் அடுக்கிய செங்கல்தான் அவர்களைப் பற்றிப் பேசுகிறது.

1967இல் அப்பகுதியைக் காக்க ஓர் அருங்காட்சியக அறக்கட்டளை அமைந்தது. 1986இல் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுரங்கப்பாதைச் செங்கல் இடுக்குகளில் தார் இன்றும் கசிந்துகொண்டிருக்கிறது.