ஒரு புகைப்படம் சொல்லும் ஜாஸ் வரலாறு



ஜாஸ் என்றால் பெரிய ஓட்டல்களில் கோட்டு அணிந்தவர்கள் வாசிக்கும் இசை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், உழைக்கும் கறுப்பின மக்களின் ஆட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் சவ அடக்கத்துக்கும் வாசித்த இசை. இன்று அதன் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த ஊரில் சுமார் 1905-ல் எடுத்த ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. அதில் ஆறு இசைக்கலைஞர்கள். கையில் கார்னெட்டுடன் நிற்பவர் பட்டி போல்டன். 1877-ல் பிறந்தவர். ஊர் மக்கள் அவரை ‘கிங்’ என்றே அழைத்தார்கள்.

ஒரு ஜாஸ் குழு எப்படி அமைந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்தப் படமே போதும். கார்னெட் என்பது டிரம்பெட்டைப் போன்றது, சற்றுக் குட்டையானது. மெட்டை எடுத்துச் செல்வது அதன் வேலை. இருவரிடம் கிளாரினெட் இருக்கிறது. அது மெட்டைச் சுற்றிக் கொடிபோல் படர்ந்து ஓடும். ஒருவரிடம் டிராம்போன். அது தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். இவை முன்வரிசைக் கருவிகள். மீதி இருவரிடம் கிதாரும், ஆள் உயர டபுள் பாஸும் உள்ளன. தாளத்தையும் சுருதிக் கட்டையும் விடாமல் பிடித்திருப்பது இவர்கள் பொறுப்பு. படத்தில் டிரம்ஸ் இல்லை, ஆனால் ஆட்டத்துக்கு வாசிக்கும்போது அதுவும் சேரும். பியானோவும் சாக்சபோனும் பிற்காலத்தில் ஜாஸ் குழுக்களில் நிலையான இடம் பிடித்தன.

மூன்று சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இம்ப்ரொவைசேஷன் என்பது மெட்டை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கற்பனையாக வளர்த்து வாசிப்பது. நாம் மனோதர்மம் என்கிறோமே, அதுபோல. சின்கோபேஷன் என்பது அழுத்தம் வழக்கமான அடியில் விழாமல், இரண்டு அடிகளுக்கு நடுவே தள்ளி விழுவது. கேட்பவர் கால் தானாக ஆடுவது இதனால்தான். ப்ளூ நோட் என்பது ஒரு ஸ்வரத்தைச் சற்றே இறக்கி, விம்முவதுபோல் வளைத்து வாசிப்பது.

இவற்றையெல்லாம் ஒரே குழுவில் இணைத்து வாசித்த முன்னோடி என்று போல்டனைத்தான் பழைய கலைஞர்கள் பலர் சொன்னார்கள். ஆனால் 1907-ல் மனநலம் கெட்டு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அங்கேயே இருந்து 1931-ல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடி ஒலிப்பதிவுகூட இன்று இல்லை.

1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் நிறுவனம் முதல் ஜாஸ் இசைத்தட்டைப் பதிவு செய்தது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஐந்து வெள்ளையர்கள். தட்டு அமோகமாக விற்றது. அவர்களில் கார்னெட் வாசித்த நிக் லரோக்கா, ஜாஸை உண்டாக்கியவர்கள் தாங்களே என்றும், கறுப்பினத்தவருக்கு அதில் பங்கில்லை என்றும் பிற்காலத்தில் வாதாடினார். அவர் கையில் இசைத்தட்டு இருந்தது. போல்டன் பக்கம் என்ன இருந்தது? கேட்டவர்களின் நினைவு மட்டும்தான்.

நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்கள் இசைத்தட்டில் ஏற மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1922-ல் கிட் ஓரியின் குழு, 1923-ல் கிங் ஆலிவரின் குழு. ஆலிவர் குழுவில் இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞர்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் 1925-ல் சிகாகோவில் ‘ஹாட் ஃபைவ்’ என்ற குழுவோடு பதிவுகளைத் தொடங்கினார். பியானோ வாசித்தவர் அவருடைய மனைவி லில் ஹார்டின். அந்தப் பதிவுகளுக்குப் பிறகு, ஒருவர் முன்னால் வந்து தனியாகக் கற்பனை செய்து வாசிப்பது ஜாஸின் உயிர்நாடி ஆயிற்று.

போல்டன் பெயர் எப்படிப் பிழைத்தது? 1958-ல் டுலேன் பல்கலைக்கழகத்தார் நியூ ஆர்லியன்ஸின் முதிய கலைஞர்களைத் தேடிப்போய், அவர்கள் நினைவுகளை ஒலிநாடாவில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். டொனால்ட் மார்கிஸ் என்பவர் பழைய ஊர் ஆவணங்களைத் துருவிப் பார்த்து 1978-ல் போல்டனின் வரலாற்றை நூலாக எழுதினார். போல்டன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், பத்திரிகை நடத்தினார் என்று பரவியிருந்த கதைகள் தவறு என்றும் காட்டினார். நினைவைக் கேட்டு வைப்பதும் வேண்டும், அதை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு.

பதிவில் இல்லை என்பதால் ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது பிள்ளைகளே. முதலில் பதிவானவர்தான் முதலில் செய்தவர் என்றும் ஆகிவிடாது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் பழைய பாட்டு, பழைய தொழில், பழைய சேதி தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பேசுபவர் பெயரையும் தேதியையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்